மங்கு எங்கே தொங்கும்?

"வீடியோ கேம் கம்பெனியிலா தொழிற்பயிற்சி? அப்படின்னா நாள் முழுக்க விளையாட்டுதானா?"

கடந்த ஐந்து மாதங்களாக நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கோயிலில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், பல்கலைக்கழக உணவகத்தில் மீ கோரேங் கட்டிக்கொடுக்கும் அக்காகூடக் கேட்டார். அப்போதெல்லாம் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆண்டு மலர் ஆசிரியர் குழுவினர் இடம் கொடுத்திருப்பதால் இங்கே விரிவாகவே சொல்லிவிடுகிறேன். விளையாடுவதில்லை, வரைகிறேன். வரைவதைவிட அதிக நேரம் கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வேலைக்குக் 'கான்செப்ட் ஆர்ட்' என்று பெயர். தமிழில் கருத்துரு ஓவியம் எனலாம். ஒரு கணினி விளையாட்டில் நாம் காணும் மனிதன், வீடு, மரம், வாளி, செருப்பு என அனைத்தையும் யாரோ ஒருவர் முப்பரிமாணத்தில் கட்டியெழுப்ப வேண்டும். அவர் கட்டுவதற்கு முன்பு அது எப்படி இருக்கும், எப்படி இயங்கும் என்று இன்னொருவர் வரைந்து காட்ட வேண்டும். அந்த இன்னொருவர்தான் கருத்துரு ஓவியர். அவருடைய படம் பெரும்பாலும் பொதுமக்கள் பார்வைக்கு வருவதே இல்லை. வீடு கட்டி முடிந்ததும் யாராவது வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டுவார்களா?

நமக்குத் தெரிந்த திரைப்பட உலகத்தை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். 1987-இல் வெளிவந்த 'நாயகன்' படத்துக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி மும்பையின் தாராவியைச் சென்னையில் செட்டாகப் போட்டார். தேசிய விருதும் பெற்றார். அந்தச் சந்துகள் மரத்திலும் தகரத்திலும் எழுவதற்கு முன்பு தாளில் இருந்தவை. ஹாலிவுட்டில் ரால்ஃப் மெக்குவாரி என்றொருவர் இருந்தார். போயிங் விமான நிறுவனத்தில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்தவர். 1975-இல் ஜார்ஜ் லூகாஸ் அவரைக் கூப்பிட்டு, அப்போது வெறும் எழுத்தாக மட்டுமே இருந்த 'ஸ்டார் வார்ஸ்' கதைக்குச் சில ஓவியங்கள் தீட்டச் சொன்னார். படத்துக்குப் பணம் போடத் தயங்கிய ஃபாக்ஸ் நிறுவனத்தாரை இணங்க வைத்ததில் அந்த ஓவியங்களுக்குப் பெரிய பங்குண்டு. விமானத்தின் பாகங்களை வரைந்து பழகிய கை என்பதால்தானோ என்னவோ, மெக்குவாரியின் விண்கலங்களைப் பார்த்தால் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுகூடத் தெரியும்.

நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. டைம் ஜியாவுடின் என்ற மலேசியர் ஜப்பானின் கேப்காம் நிறுவனத்தில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' விளையாட்டுக்குக் கருத்துரு ஓவியராக இருந்தார். பிறகு தாயகம் திரும்பி, 'ஃபைனல் ஃபேன்டசி 15'-இல் பணியாற்றிய வான் ஹஸ்மருடன் சேர்ந்து மெட்ரோனோமிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களின் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. அந்த ஆண்டு நான் ஐந்தாம் படிவம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிருந்த நேரம். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த நாள்களில், கைப்பேசியில் அந்த விளையாட்டின் ஓவியங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். மலேசியர் ஒருவர் இதைச் செய்து பிழைக்கிறார் என்ற செய்தியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்கு முன்பும் வரைந்துகொண்டுதான் இருந்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது பொங்கல் பானை, திருவள்ளுவர், விளையாட்டுப் போட்டி நாள் பதாகை எல்லாம் என் தலையில்தான் விழும். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். முடிந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், வகுப்பில் தமிழர் நாங்கள் ஐந்து பேர் மட்டும். மலாயில் தடுமாறிய முதல் மூன்று மாதங்களில் எனக்குக் கைகொடுத்தது பென்சில். பக்கத்தில் உட்கார்ந்த சீன மாணவிக்கு டிராகன் வரைந்து கொடுத்தேன், அவள் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். மெட்ரிகுலேஷன் முடிந்து, ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கிடைத்தது. வரைகலை, பல்லூடக மென்பொருள் பிரிவு. 'கணினி' என்ற சொல் முன்னால் இருந்ததால் வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. 'வரைகலை' என்ற சொல்லை நானும் சற்று மெதுவாகவே உச்சரித்தேன்.

தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போதுதான் உண்மை நிலவரம் புரிந்தது. விளையாட்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. பயிற்சி உதவித்தொகையை வைத்துக்கொண்டு கோலாலம்பூரில் அறை வாடகை கொடுத்து, மூன்று வேளை சாப்பிட்டு, பேருந்தும் ஏறுவது எப்படி என்று கணக்குப் போட்டேன். இரண்டு வேளைக்குத்தான் வந்தது. நல்லவேளையாக ஜொகூரிலேயே ஒரு சின்ன ஸ்டூடியோவில் இடம் கிடைத்தது. கடை வீடுகளின் மேல்மாடியில் அலுவலகம், கீழே டயர் கடை. மாதம் 800 வெள்ளி.

முதல் நாளே இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆகவே நாங்கள் செய்துகொண்டிருக்கும் விளையாட்டின் பெயரையோ, யாருக்காகச் செய்கிறோம் என்பதையோ நான் இங்கே எழுத முடியாது. ஆனால் பயிற்சிக்காக எனக்கெனக் கொடுத்த வேலையைப் பற்றித் தாராளமாக எழுதலாம் என்று என் வழிகாட்டி அனுமதி கொடுத்திருக்கிறார். அவர் பத்து பகாட்டைச் சேர்ந்த மலாய்க்காரர். அலுவலகத்தில் எல்லாரும் 'அபாங்' என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் என்னை 'டேக்' என்பார்.

முதல் இரண்டு வாரம் அபாங் எனக்கு வண்ணமே தரவில்லை. 'தம்ப்நேல்' எனப்படும் தீப்பெட்டி அளவுப் படங்கள் மட்டும்தான். ஒரு கடை என்றால் இருபது கடை, ஒரு பாலம் என்றால் முப்பது பாலம். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். எனக்குப் பிடித்ததை அவர் தேர்ந்தெடுக்கவே மாட்டார். அதன்பின் நிழலுரு. உருவத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்பிவிட்டு, "இது யார்? என்ன செய்யுறார்?" என்று கேட்பார். முகமும் உடையும் மறைந்த பிறகும் ஆள் அடையாளம் தெரிந்தால்தான் அது தேறும். விளையாடுபவர் அரையிருட்டில், தூரத்தில், அரை நொடியில் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் அல்லவா? அடுத்தது ஒளி இருள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கும்போது எந்த இடம் வெளிச்சமாகத் தெரிகிறதோ அங்கேதான் விளையாடுபவர் நடந்து போவார். வழிகாட்டிப் பலகை வைக்காமலேயே ஒருவரை வலப்பக்கம் திருப்ப முடியும் என்பது எனக்குப் புது அறிவாக இருந்தது.

மூன்றாம் மாதம் அந்தப் பணிக்குறிப்பைக் கொடுத்தார். நான்கே வரிதான். 'நீ அறிந்த ஓர் இடம். இப்போது இல்லாத இடம். விளையாடுபவர் விடியலுக்கு முன் அங்கே கண் விழிக்கிறார். அவர் கையில் எடுக்கும் மூன்று பொருள்கள்.'

நான் பால்மரத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவள் அல்லள். என் பாட்டி ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அம்மா அங்கே லயத்து வீட்டில் பிறந்தவர். பால்மரங்களை அழித்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. அந்த லயங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. 1980களில் உலகிலேயே அதிகமாக இரப்பர் உற்பத்தி செய்த நாடு மலேசியா. அந்த இரப்பரில் ஒரு பங்கு நம்மவர்களின் கையால் இறங்கியது. இதையெல்லாம் எத்தனை கட்டுரைகளில் படித்திருப்போம்! தோட்டத்துத் துயரம் பற்றிப் பள்ளிப் போட்டிகளில் நானே உரையாற்றிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் அபாங் உரை கேட்கவில்லை. "மங்குக் எங்கே தொங்கும்?" என்றுதான் கேட்டார்.

மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணத்தை மலாயில் 'மங்குக்' என்பார்கள். என் பாட்டி 'மங்கு' என்பார். அபாங்கின் தாத்தாவும் பத்து பகாட்டில் மூன்று ஏக்கர் சொந்தக் கெத்தா தோட்டம் வைத்திருந்தவராம். பள்ளி விடுமுறையில் அபாங் அவருடன் போயிருக்கிறார். இரப்பருக்கு நாம் சொல்லும் 'கித்தா' அந்தக் 'கெத்தா'வே. தோளில் வைத்து இரு பக்கமும் வாளி தொங்கவிடும் தடியை அவர் 'கண்டார்' என்றார், நான் 'காண்டா' என்றேன். இருவரும் ஒரே பொருளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது புரிய ஐந்து நிமிடம் ஆனது. அன்றைக்கு வேலை ஓடவில்லை. இதற்கு இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று இருவரும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். எதிரில் உட்கார்ந்திருந்த சீனத் தோழி, முப்பரிமாண மாடல் செய்பவள், "நீங்கள் ரெண்டு பேரும் சொந்தக்காரர்களா?" என்று கேட்டாள்.

பட்டியல் சரி, படம் எங்கே? கருத்துரு ஓவியர் முதலில் மாதிரிப் படங்கள் சேகரிப்பார். ஜப்பானியக் கோட்டை என்றாலோ, விக்டோரியா காலத்து லண்டன் தெரு என்றாலோ ஒரு மணி நேரத்தில் ஆயிரம் படம் சேர்க்கலாம். நான் தேடிய தோட்டத்துக்குக் கிடைத்தவை வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாக்கள், பழைய அஞ்சலட்டைகள், வரிசையாக நிற்க வைத்து எடுத்த தொழிலாளர் கூட்டங்கள். எல்லாரும் கேமராவைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார்கள். யாரும் வேலை செய்யவில்லை. லயத்து வீட்டின் உள்ளே எடுத்த படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

செயற்கை நுண்ணறிவைக் கேட்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். 2022-இல் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை வந்த பிறகு யார் வேண்டுமானாலும் நாலு சொல் தட்டினால் படம் வரும். எங்கள் ஸ்டூடியோவில் வாடிக்கையாளர் வேலைக்கு அதைப் பயன்படுத்த ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. வீட்டில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். வந்த படத்தில் தேயிலை மலை இருந்தது, தலையில் குடம் வைத்த பெண்கள் இருந்தார்கள், யானையும் ஒன்று வந்திருந்தது. சொற்களை மாற்றி மாற்றிக் கேட்டதும் ஒருவழியாகப் பால்மரம் வந்தது. அதன் வெட்டுக்கோடு வலது மேலிருந்து இடது கீழாக இறங்கியது. மங்கு கோட்டின் மேல் நுனியில் தொங்கியது. அந்தத் தோட்டத்தில் பால் மரத்தின் மேல்நோக்கி ஏறினால்தான் கிண்ணத்தில் விழும்! பார்ப்பதற்கு என்னவோ மிக அழகான படம்.

அந்த வார இறுதியில் கூலாய்க்குப் பேருந்து ஏறினேன். பாட்டி இப்போது மாமா வீட்டில் இருக்கிறார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. நான் படம் வரையும் பலகையையும் பேனாவையும் பார்த்துவிட்டு, "இதுக்கா ஒனக்குச் சம்பளம் தர்றான்?" என்றார். தருகிறான் பாட்டி என்றேன். "அப்ப கேளு" என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் சொன்னதில் பாதியைத்தான் இங்கே எழுத முடியும். வெட்டு எப்போதும் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும். ஏன் என்று பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை, அப்படித்தான் பால் நிறைய வரும் என்றார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே ஒரு பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றில் அதிகமானவற்றை அறுக்கும். விடியலுக்கு முன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் வேகமாக இறங்கும். ஒவ்வொரு முறையும் சீவுவது மிக மெல்லிய பட்டை. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் திட்டு. இப்படிச் சீவிச் சீவிக் கோடு வருடத்துக்கு ஒரு சாண் கீழே இறங்கும். ஆக, கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தே அந்தப் பக்கம் எத்தனை வருடமாக வெட்டுப்படுகிறது என்று சொல்லிவிடலாம். கோடு இறங்கி முடியும் இடத்தில் தகரத்தாலான சிறு நாக்கு, அதற்குக் கீழே மரத்தைச் சுற்றிக் கட்டிய கம்பியில் மங்கு. பால் எடுத்த பிறகு மங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் காசும் இல்லை.

கவிழ்ந்த மங்கு! விளையாட்டு வடிவமைப்பில் இருப்பவர்களுக்கு இது எப்படிப்பட்ட புதையல் என்று நான் எப்படி விளக்குவேன்? விளையாடுபவர் இருட்டில் நடந்து வருகிறார். ஒரு நிரை மரங்களில் மங்கு நிமிர்ந்திருக்கிறது, அடுத்த நிரையில் கவிழ்ந்திருக்கிறது. ஒரு சொல் பேசாமல், ஒரு பலகை வைக்காமல், இங்கே யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார், அங்கே யாரும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். காலையில் ஆள் போன திசையையும் கண்டுபிடித்துவிடலாம். நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது. வேலையின் ஒழுங்கு அப்படி இருந்ததால் அது கிடைத்தது.

நிழலுருவுக்குக் காண்டா ஆள் வேண்டியிருந்தது. இரண்டு வாளியும் நிறைந்திருக்கும்போது எப்படி நடப்பீர்கள் என்று கேட்டேன். பாட்டி சொல்லிப் பார்த்தார், கையால் காட்டிப் பார்த்தார், எனக்கு விளங்கவில்லை. சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்த் துடைப்பக் கட்டையை எடுத்துத் தோளில் வைத்தார். மாமா, "முட்டி வலிக்குதுன்னு நேத்துதானே கிளினிக்குக்குப் போனோம்" என்று தடுத்துப் பார்த்தார். பாட்டி காதில் வாங்கவில்லை. வரவேற்பறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். முழங்கால் சற்றே மடிந்து, அடி சின்னச் சின்னதாக, விரைவாக. ஒரு கை தடியின் மேல். தலை ஆடவே இல்லை. "நின்னா ஆடும். ஆடுனா ஊத்திடும்" என்றார். கைப்பேசியில் பதினான்கு நொடி பதிவு செய்தேன். மறுநாள் எங்கள் அசைவூட்டக் கலைஞர் அதை ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, பணம் கொடுத்தாலும் இப்படி ஒரு மாதிரி கிடைக்காது என்றார். அந்த உருவத்தைக் கறுப்பால் நிரப்பினேன். முக்காடு, நெற்றி விளக்கு, தடி, இரு வாளி, இடுப்பில் புகையும் கொசுவர்த்தி டின். அபாங் எதுவும் கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

நான் சற்றும் எதிர்பாராத இன்னொரு ஆசிரியர் என் அப்பா. அவர் சிங்கப்பூர் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறார். விடியற்காலை நான்கரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் இரண்டாம் இணைப்புப் பாலத்தில் நெரிசலுக்கு முன் கடந்துவிடலாம். 1998-இல் அந்தப் பாலம் திறந்த சில ஆண்டுகளிலேயே போகத் தொடங்கியவர், இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். ஜொகூரில் இப்படி ஒரு அப்பா இல்லாத தாமான் ஏது? நான் பொறியியல் படித்து, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, பாலம் கடக்காமல் பிழைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. படம் வரைவதைப் பற்றி இதுவரை அவர் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை.

ஒருநாள் இரவு சாப்பாட்டு மேசையில் என் விளக்கத் தாளைப் பரப்பி வைத்திருந்தேன். மங்கு, பால் வெட்டும் உளி, காண்டா வாளி ஆகிய மூன்று பொருள்களின் முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம், எந்தப் பகுதி தகரம், எது மரம், எங்கே துரு பிடிக்கும் என்ற குறிப்புகள். அப்பா தட்டோடு வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தார்.

"பாப்பா, இது ட்ராயிங்கு."

"ஆமாம்பா, ட்ராயிங்தான்."

"இல்ல. எங்களுக்கு வேலையில குடுப்பானே, அந்த ட்ராயிங்கு. இதப் பாத்து இன்னொருத்தன் செய்யணும், சரியா?"

"ஆமாம்பா."

"அப்ப அளவு எங்க? வாளியோட வாய் எவ்வளவுன்னு போடலன்னா செய்யுறவன் ஒன்னயத்தான் வந்து கேப்பான்."

மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் மாடல் செய்யும் தோழி என் மேசைக்கு வந்து, வாளியின் வாய் எவ்வளவு அகலம் என்று கேட்டாள். நான் முதல் நாள் இரவே பாட்டிக்குத் தொலைபேசி போட்டு, முழத்திலும் சாணிலும் கேட்டு, சென்டிமீட்டருக்கு மாற்றி எழுதி வைத்திருந்தேன். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு! அன்றிலிருந்து அவருடைய தொழிற்சாலை நண்பர்களிடம் "எம்மக டிசைனரு" என்கிறாராம். என்ன டிசைனர் என்று யாரும் கேட்காதவரை நல்லது.

இந்த இடத்தில் 'வெண்பா' விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 2023 ஜூலை 31-இல் வெளிவந்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. விளையாடுபவர் துப்பாக்கி எடுப்பதில்லை, சமைக்கிறார். அம்மாவின் சமையல் குறிப்பேடு பழசாகி, எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே முதல் புதிர். 2024-இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலையாய பரிசும், சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. நான் அதை விளையாடி முடித்தபோது முதலில் தோன்றியது பெருமை அன்று, பொறாமை. இரண்டாவது தடவை விளையாடும்போது வேலைக்காரியின் கண்ணோடு பார்த்தேன். இட்லிப் பாத்திரத்தில் ஆவி எப்படி ஏறும் என்று தெரிந்த ஒருவர் இல்லாமல் அந்தப் புதிர் வந்திருக்காது. வெறுமனே வாழையிலையும் குத்துவிளக்கும் வரைந்து 'தமிழ்' என்று முத்திரை குத்தியிருந்தால் அது சுவரொட்டியாக இருந்திருக்கும், விளையாட்டாக இருந்திருக்காது.

இனி, கசப்பான பகுதிக்கு வருகிறேன். தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்துவிட்டு உடனே இந்தத் துறைக்கு ஓடி வருவதற்குமுன் தெரிந்துகொள்வது நல்லது. உலக அளவில் விளையாட்டுத் துறை இப்போது சிரமத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதமே சோனி பிளேஸ்டேஷன் சுமார் 900 பேரையும் வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தன. வெளிநாட்டு நிறுவனங்களின் வேலையைச் செய்து கொடுத்து வாழும் நம் நாட்டு ஸ்டூடியோக்களுக்கு இது நேரடியாக வந்து அடிக்கும். செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைப்பதும் என்னைப் போன்ற புதியவர்கள் செய்யும் அந்தத் தீப்பெட்டிப் படங்களின் மீதுதான். இருபது கடை வரைய எனக்கு ஒரு மணி நேரம், அதற்கு ஒரு நிமிடம். 'எங்கள் கலையை இயந்திரம் வெல்லாது' என்று மேடையில் முழங்குபவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று எரிச்சலாக இருக்கிறது. வெட்டுக்கோட்டின் சாய்வைக் கேட்டு அறிந்துவர ஆள் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த ஆளுக்குச் சம்பளம் தர யார் இருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

அபாங்கிடம் நேரடியாகவே கேட்டேன், பயிற்சி முடிந்ததும் எனக்கு வேலை இருக்குமா என்று. சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தானால் ஓர் இடம் இருக்கும், இல்லையென்றால் யாருக்கும் இருக்காது, தனக்கும் நிச்சயமில்லை. சிங்கப்பூரில் யுபிசாஃப்ட் 2008 முதல் ஸ்டூடியோ வைத்திருக்கிறது, அங்கேயும் முயற்சி செய் என்றார். அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "பாலம் தாண்டணுமா?" என்று மட்டும் கேட்டார். பி.டி.பி.டி.என். கடன் வேறு காத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இன்னும் மூன்று வாரப் பயிற்சியும் ஒரு பருவப் படிப்பும் பாக்கி.

அதற்குள் தோட்டத்து வரிசையை முடித்துவிட வேண்டும். லயத்து வீட்டின் அஞ்சடி, தகரக் கூரை, பலகைச் சுவரின் இடைவெளியில் கசியும் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சம் எல்லாம் தயார். பணிக்குறிப்பின்படி விளையாடுபவர் விடியலுக்கு முன் கண் விழிக்க வேண்டும். எதைக் கேட்டு விழிப்பார்? பெரட்டு மணியைக் கேட்டு. அங்கேதான் சிக்கியிருக்கிறேன். பாட்டி, அது மணியே இல்லை, மரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, இரும்பால் அடிப்பார்கள் என்கிறார். அம்மாவோ, கோயில் மணி மாதிரி உண்மையான மணிதான், கிராணி வந்து அடிப்பார் என்று அடித்துச் சொல்கிறார். இருவரும் இருந்தது ஒரே தோட்டம்! இரண்டுக்கும் வடிவம் வேறு, ஒலி வேறு, தொங்கும் இடம் வேறு.

முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் தோட்டத்தில் எடுத்த படம் இருந்தால், நடுவில் நிற்கும் மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் பாருங்கள். சுவரில் என்ன மாட்டியிருக்கிறது, வாசலில் வாளி எப்படிக் கவிழ்ந்திருக்கிறது, தூரத்தில் மரத்தில் ஏதாவது தொங்குகிறதா என்று. இருந்தால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கழகத்துக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் என்னிடம் சேர்த்துவிடுவார்கள். பெரட்டு மணி இருந்தால் மட்டும் உடனே. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தாளை ஒப்படைக்க வேண்டும்.